ஆர்வம் அளவுகோல் ஆகுமா?

நம் விடுதி உணவுக்கூடத்தில் அரசியல் பேசுவோர் உண்டு; திரைப்படம் பேசுவோர் உண்டு; கிரிக்கெட் பேசுவோருக்குப் பஞ்சமே இல்லை. 2025 அக்டோபரில் நான் அங்கே கேட்டதோ புதியதொரு பேச்சு. டேக் டூ என்னும் அமெரிக்க வீடியோ விளையாட்டு நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா, கூடாதா என்பதே அது.

அந்நிறுவனத்தின் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் ஐந்தாம் விளையாட்டு 2013இல் வெளிவந்து 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆறாவது 2026 மே 26 அன்று வெளிவரும் என்று அப்போது அறிவித்திருந்தார்கள். "அது வந்தால் உலகமே வாங்கும். பங்கு விலை எங்கேயோ போய்விடும். இப்போது வாங்குகிறவன்தான் கெட்டிக்காரன்" என்றான் என் நண்பன். மேசையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரும் ஆமாம் என்றோம். நானும் தலையாட்டினேன்.

சில நாள் கழித்து, கல்விக் கட்டணத்துக்கென அப்பா அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை அவன் அந்தப் பங்கில் போட்டான். நவம்பர் 6 அன்று, விளையாட்டு 2026 நவம்பர் 19க்குத் தள்ளிப் போகிறது என்று நிறுவனம் அறிவித்தது. விலை இறங்கியது. அவன் இழந்தது பெருந்தொகை அன்று. காத்திருந்தால் மீண்டிருக்கவும் கூடும். ஆனால் கட்டணத்தின் கடைசி நாள் காத்திருக்கவில்லை. வந்த விலைக்கு விற்றான்; குறைந்ததை எங்களிடம் கடன் வாங்கிக் கட்டினான். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

தோழர்களே! அவனைக் குறை கூற நான் எழுதவில்லை. எட்டுப் பேர் தலையாட்டினோமே, அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு? இதுவே என் கேள்வி.

தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடும் ஜவுளிக்கடைகளை நாம் அறிவோம். மேலை நாடுகளில் வீடியோ விளையாட்டுகளுக்குக் கிறிஸ்துமஸ் காலம் அப்படி. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்ததும் சிறு முதலீட்டாளர்கள் கூடிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எத்தனை பிரதிகள் விற்கும்? எந்த விளையாட்டு முதலிடம் பெறும்? பங்கு எவ்வளவு ஏறும்? மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள் போலத் தோன்றும். முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. எத்தனையோ பேர் அதில் விழுந்திருக்கிறார்கள்.

போலந்து நாட்டின் வார்சாவில் சிடி புரொஜெக்ட் என்றொரு நிறுவனம். 2015இல் வெளியிட்ட 'விட்சர் 3' அதற்குப் பெரும்புகழ் தந்தது. அடுத்ததான 'சைபர்பங்க் 2077' விளையாட்டை 2012இலேயே அறிவித்திருந்தார்கள். அதன்மீது எழுந்த எதிர்பார்ப்பில், 2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் மிக உயர்ந்த சந்தை மதிப்புடைய விளையாட்டு நிறுவனமாக அது உயர்ந்தது. வெளியீடு ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்கும், செப்டம்பரிலிருந்து நவம்பருக்கும், பின்னர் டிசம்பர் 10க்கும் தள்ளிப் போயிற்று. ஆர்வம் குறைந்ததா? இல்லை. 80 லட்சம் பிரதிகளுக்கு மக்கள் முன்பதிவு செய்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பங்கு விலை உச்சத்தைத் தொட்டது.

விளையாட்டு வெளிவந்தது. பழைய கன்சோல் கருவிகளில் அது தடுமாறியது; நின்றது; நொறுங்கியது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அப்படியும், டிசம்பர் 20 வரை திருப்பிக் கேட்டவர்களைக் கழித்து 1 கோடியே 30 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் மதிப்பிட்டது. பத்தே நாளில் 1 கோடியே 30 லட்சம்! எந்த அளவுகோலால் அளந்தாலும் அது மாபெரும் விற்பனை. அதே இரண்டு வாரங்களில் பங்கு விலையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்துவிட்டது.

விற்பனை பெருகியும் விலை வீழ்ந்தது ஏன்? விளையாட்டு விற்கும் என்ற நம்பிக்கைக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே விலை கொடுத்தாயிற்று. உச்ச விலையில் வாங்கியவன் விளையாட்டை மட்டும் வாங்கவில்லை. அதைப்பற்றி ஊரார் கண்ட கனவையும் சேர்த்து வாங்கினான். கனவில் ஓர் ஓட்டை விழுந்தால் அவனுக்கு நட்டம். எல்லாம் நினைத்தபடியே நடந்தாலும் பெரிய இலாபம் இல்லை. ஏனெனில் எல்லாரும் நினைத்ததற்கான விலையை அவன் முன்பே கொடுத்துவிட்டான். பங்கு ஏற வேண்டுமானால், உலகம் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தாக வேண்டும். நம் உணவுக்கூட மேசையில் இதை ஒருவரும் கேட்கவில்லை. விளையாட்டு நன்றாக இருக்குமா என்று மட்டுமே பேசினோம்.

இனி நம் தலையாட்டலுக்கு வருவோம். சோதனைச்சாலையில் நாம் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரே அளவை ஆயிரம் முறை எடுத்தால் கைநடுக்கத்தால் வரும் பிழை குறையும்; தராசே கோணலாக இருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் அந்தப் பிழை குறையாது. சைபர்பங்க் வெளிவருமுன் ஆயிரமாயிரம் ஆர்வலர் அதைப் போற்றினார்கள். அவர்களெல்லாம் பார்த்தது எதை? நிறுவனம் காட்டிய காட்சிகளை. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்ததோ கணினியில் ஓடும் பிரதி மட்டுமே. பழைய கன்சோலில் அது எப்படி ஓடும் என்பதை வெளியில் இருந்த எவரும் சோதித்துப் பார்க்க முடியவில்லை. அதைக் காட்டாமல் விட்டதற்காக நிறுவனமே பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஆக, ஆயிரம் குரல்கள் ஒலித்தும் கிடைத்த அளவு ஒன்றே. அதுவும் விற்பவர் கையில் இருந்த தராசில் எடுத்தது. எங்கள் எட்டுத் தலைகளின் கதையும் அதுவே. எட்டுப் பேரும் பார்த்தது ஒரே முன்னோட்டக் காட்சி.

இது இந்தத் தலைமுறையோடு வந்த நோயும் அன்று. 1982இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' திரைப்படத்தின் பெயரில் ஒரு விளையாட்டை, கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக் கூடாதென்று ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் செய்து முடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று, அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர் கம்யூனிகேஷன்ஸ், வளர்ச்சி எதிர்பார்த்த அளவு இராது என்று அறிவித்தது. மறுநாள் அதன் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. விற்காமல் தேங்கிய சரக்கை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். நொடித்தது என்று நினைத்துவிடாதீர்கள்: டிசம்பர் 8 அறிவிப்பு வளர்ச்சி உண்டு என்றே சொன்னது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதுதான் விலையை வீழ்த்தியது.

"விளையாடுகிறவன் அறிவதை வங்கிக்காரன் அறிவானா?" என்று என் நண்பன் கேட்பான். நியாயமான கேள்வி. எந்த விளையாட்டு நிலைத்து நிற்கும் என்பதை விளையாடுகிறவனே முதலில் உணர்கிறான். சைபர்பங்க் விளையாட்டும் தோற்றுப்போய்விடவில்லை. குறைகளைக் களைந்து, 2023 செப்டம்பரில் புதிய பகுதியும் வெளியிட்டு, இழந்த பெயரை மீட்டார்கள். அவ்வாண்டு அக்டோபருக்குள் 2 கோடியே 50 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. ஆர்வலர் சொன்னது உண்மையாயிற்று. ஆனால் அந்த 2023 முடியும்போதும், பங்கு 2020இன் உச்ச விலையில் பாதியைக் கூட எட்டவில்லை. விளையாட்டைப் பற்றிய தீர்ப்பு சரி. கொடுத்த விலை தவறு. ஏமாந்ததாகக் கருதிய முதலீட்டாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 18 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் சமரசமாயிற்று. இழந்த சந்தை மதிப்பின் முன் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

பங்குச் சந்தைப் பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சேமிப்பை வளர்க்கக் கற்பது நல்லதே. வேண்டுவது இரண்டு. முதலாவது, வாங்குமுன் "இது நல்ல நிறுவனமா?" என்பதோடு நில்லாமல், "இந்த நம்பிக்கைக்கு ஏற்கெனவே எவ்வளவு விலை சேர்ந்திருக்கிறது?" என்றும் கேட்பது. இரண்டாவது, நாள் குறித்த பணத்தை நாள் குறிக்காத நம்பிக்கையில் போடாதிருப்பது. நீண்ட காலத்தில் ஏறும் என்பவன் நீண்ட காலம் காத்திருக்கக் கூடிய பணத்தோடு வர வேண்டும். கல்விக் கட்டணம் அத்தகைய பணம் அன்று.

மூன்றாவதாக ஒன்று, இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. அன்று மேசையில் எட்டுப் பேரில் ஒருவனாவது "வெளியீடு மறுபடியும் தள்ளிப் போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கலாம். 2025 இலையுதிர் காலம் என்று முதலில் சொன்ன தேதியை அந்த மே மாதத்திலேயே அவர்கள் ஒருமுறை தள்ளிவைத்ததை நாங்கள் எல்லாரும் அறிவோம். அறிந்தும் கேட்கவில்லை, உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டோம். தமிழ்ப் பிள்ளைகள் ஊரைவிட்டு இவ்வளவு தொலைவு வந்து ஒரே மேசையில் உட்காருவது ஒருவருக்கொருவர் தலையாட்டத்தானா? அடுத்த முறை ஒரு நண்பன் பணத்தோடு எழுந்தால், ஒரு கேள்வி கேட்டு அவனை உட்கார வைப்போம். கேட்டபின் அவன் போகட்டும். தடுக்க நமக்கு உரிமை இல்லை. கேட்காமல் அனுப்புவது நட்பும் இல்லை.