மிக்ஸட் ரீஃபாம்... மண்ணாங்கட்டியாம்!

ரொம்ப நாளா ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னைக்கு வந்ததும் வராததுமா கொஞ்சம் கோபத்தோடதான் வந்திருக்கேன். பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயம் இதுதான். கடல் மீன் தொட்டி வளர்க்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் தன் தொட்டியைப் படம் பிடிச்சுப் போட்டிருந்தார். மூணடித் தொட்டி. உள்ள குச்சி குச்சியா கிளை விடுற அக்ரோபோரா. அதுக்கு அரைச்சாண் தள்ளி, நுனியெல்லாம் சுத்தியல் தலை மாதிரி இருக்கிற யூஃபிலியா. ஓரத்துல குடைக்காளான் மாதிரி ஒரு சார்கோஃபைட்டான். கீழ கலர் கலரா ஸோவாந்தஸ். படத்துக்குத் தலைப்பு "என் குட்டி மன்னார் வளைகுடா". கீழ முப்பது பேர் வரிசையா "சூப்பர் தல", "கலக்கிட்டீங்க தல". எனக்கு மட்டும் வயித்தைக் கலக்கிச்சு.

ஏன்னா 2021-ல இதே வேலையைச் செஞ்சவன் நான். நாலடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போற லாரி எல்லாம் எங்க தெரு முனையிலதான் திரும்பும். அந்தத் தூசியிலயும் அதிர்வுலயும் ஒரு பவளத் தொட்டி. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டது இன்னும் காதுல இருக்கு: "இன்னா தம்பி, ரெண்டு மூணு கிலோமீட்டர்ல கடல் கீது, நீ இன்னாத்துக்கு உப்பு காசு குட்த்து வாங்கினு வர்றே?" எண்ணூர்த் தண்ணியை நம்பி உள்ள ஊத்த முடியாதுண்ணேன்னு சொன்னேன். 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டின கடல் ஆச்சே. அவரும் ஒத்துக்கிட்டார்.

சரி, மிக்ஸட் ரீஃப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பவளம்ங்கிறது செடியும் இல்ல, கல்லும் இல்ல, மிருகம். உடம்புக்குள்ள குடியிருக்கிற நுண்பாசி வெளிச்சத்துல சமைச்சுப் போடுது, அதுல பெரும்பாலும் வயிறு ரொம்புது, மிச்சத்துக்கு இது வேட்டையாடுது. இதுல சின்னக் கண்ணு கல்பவளம், பெரிய கண்ணு கல்பவளம், எலும்புக்கூடு இல்லாத மெத்துப்பவளம்னு தொட்டிக்காரங்க மூணா பிரிச்சு வெச்சிருக்காங்க. எஸ்.பி.எஸ்., எல்.பி.எஸ்., சாஃப்ட் அப்படீன்னு சொல்வாங்க. மூணையும் ஒரே கண்ணாடிப் பொட்டியில போட்டா மிக்ஸட் ரீஃப். படத்துக்கு அட்டகாசமா இருக்கும். அதான் வினையே.

இந்தக் கட்சிக்காரங்க எப்பவும் சொல்ற ஒரே வாதம்: "கடல்ல எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு?"

இருக்கு. சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. 1970-கள்ல ஜூடித் லாங்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஜமைக்காவுல இதைப் பார்த்து எழுதினார். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பவளத்துல ஒண்ணு தன் குடலிழையை வெளிய நீட்டி அடுத்ததோட சதையை அங்கேயே செரிச்சுத் தின்னுடுது. இதுல வேடிக்கை, மெதுவா வளர்றதுதான் பெரிய ரவுடி. வேகமா வளர்ற அக்ரோபோரா சண்டையில சோப்ளாங்கி. அதான் கடல்ல கணக்கு சரியாகுது. ஒருத்தன் ஓடி மேல வந்து வெளிச்சத்தைப் பிடிக்கிறான், இன்னொருத்தன் அடிச்சு இடத்தைக் காப்பாத்துறான். அதுக்கு ஓட இடம் வேணும்ல? மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர். அங்க 117 வகைப் பவளம் இருக்குன்னா, ஆழம், அலை, வெளிச்சம் பார்த்து அதது அதது இடத்துல இருக்கு. உங்க தொட்டியில அக்ரோபோரா ஓடிப்போற இடம் எது? சமையல்கட்டா?

யூஃபிலியா பகல்ல சாதுவா ஆடிக்கிட்டிருக்கும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க. நூல் மாதிரி மெல்லிசா, நுனியில வெள்ளைப் பொட்டோட கொடுக்கு நீண்டு வந்து பக்கத்துல தடவும். கேலக்ஸியாவோடது ஒரு சாணுக்கு மேலயே நீளும். காலையில பார்த்தா அக்ரோபோராவோட ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா உரிஞ்சிருக்கும். நாம "ஆல்கலினிட்டி குறைஞ்சிருச்சோ"ன்னு டெஸ்ட் கிட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். ஆறு மாசம் நான் ஓடினேன்.

கொடுக்காவது கண்ணுக்குத் தெரியும். மெத்துப்பவளத்துக்கு கொட்டுற பலம் கம்மி, அதனால அது கையில எடுக்கிறது ரசாயன ஆயுதம். சார்கோஃபைட்டானும் சினுலேரியாவும் டெர்பீன் வகைச் சரக்கைத் தண்ணியில கலந்து விட்டுக்கிட்டே இருக்கும், பக்கத்துல எவனும் வளரக்கூடாதுன்னு. கடல்ல அலை அடிச்சுக்கிட்டுப் போயிடும். 250 லிட்டர்ல எங்க போகும்? சுத்திச் சுத்தி அதே தண்ணி. கரித்தூள் போடு, ஸ்கிம்மர் போடு, வாரா வாரம் தண்ணி மாத்துன்னு சொல்வாங்க. போடலாம். ஒரே சர்வர்ல நாலு பேர், நாலு பேர் கையிலயும் ரூட் பாஸ்வேர்ட், நீங்க ராத்திரி பகலா லாக் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. அது மாதிரிதான்.

வெளிச்சம், தண்ணியோட்டம் பத்தி நீட்டி முழக்கல. உச்சிவெயில் கேட்கிறவனையும் நிழல் கேட்கிறவனையும் ஒரே பல்பு கீழ நிக்க வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப என் கதை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. வாசல்ல முழங்கால் தண்ணி. இன்வெர்ட்டர் ஆறு மணி நேரம் தாக்குப் பிடிச்சுது, அதுக்கப்புறம் பவர்ஹெட் நின்னு போச்சு. நானும் தம்பியும் மாத்தி மாத்தி உட்கார்ந்து சொம்புல மொண்டு மொண்டு உசரத்துல இருந்து ஊத்தினோம், காத்தாவது கரையட்டும்னு. அம்மா மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு, "ஏன்டா, ஊரே மூழ்குது, நீ மீனுக்கு அபிஷேகம் பண்றியா"ன்னு திட்டினாங்க. எண்ணூர் முகத்துவாரத்துல அப்ப எண்ணெய்ப் படலம் மிதந்துக்கிட்டிருந்தது. வலையும் படகும் கறுப்பாகி நின்ன மீனவர் வீடுகளை நினைச்சா அம்மா திட்டினதுல தப்பே இல்ல.

ரெண்டாம் நாள் சார்கோஃபைட்டான் சாய்ஞ்சுது. குடை மடங்கி, கொழகொழன்னு வழிஞ்சு, அழுகின முட்டை நாத்தம். அது ஒண்ணு செத்ததும் அதோட மொத்தச் சரக்கும் தண்ணிக்குள்ள. அன்னைக்குச் சாயங்காலமே அக்ரோபோரா சதை உரிஞ்சு கொட்டுது. மறுநாள் யூஃபிலியாவும் போச்சு. தனித்தனித் தொட்டியா இருந்திருந்தா ஒண்ணாவது பிழைச்சிருக்கும்னு இன்னைக்கும் நம்புறேன். மூணாம் நாள் கரண்ட் வந்து லைட்டைப் போட்டா, வெள்ளை வெளேர்னு எலும்புக்கூடு. ஒரு க்ளவுன் மீன் மட்டும் மூலையில மூச்சு வாங்கிக்கிட்டிருந்தது.

அந்த எலும்புக்கூட்டைக் கையில எடுத்தப்பதான் இன்னொண்ணு உறைச்சுது. இதைப் பொதுவுல எழுதலாமா வேணாமான்னு ஒரு வருஷமா யோசிச்சேன். அந்த அக்ரோபோராவை வித்தவர் குரலைத் தாழ்த்தி "ராமேஸ்வரம் சரக்கு பாஸ், அடுத்த வாரம் கிடைக்காது"ன்னு சொன்னார். நான் ஒரு கேள்வி கேட்கல. பேரம் மட்டும் பேசினேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 2001-லயே கல்பவளம் அத்தனையையும் முதல் அட்டவணையில சேர்த்தாச்சு. கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் எல்லாம் கூடவே. புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த எலும்புக்கூடும் அதே கணக்குதான். மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், 2022 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்ச அபராதமே 25,000. "இது இந்தோனேசியாவுல இருந்து வந்தது"ன்னு சொன்னா தப்பிச்சிடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: கல்பவளம் சைட்ஸ் இரண்டாம் பட்டியல்ல இருக்கு, ஏற்றுமதி பண்ற நாட்டோட அனுமதிச் சீட்டு இல்லாம எல்லை தாண்டக்கூடாது. அந்தச் சீட்டை நம்மள்ல எத்தனை பேர் கண்ணால பார்த்திருக்கோம்?

மிக்ஸட் ரீஃப் மோகம்தான் இந்தச் சந்தைக்குத் தீனி. ஒரே வகை வளர்க்கிறவன் ஒரு துண்டு வாங்கி, வளர்த்து, வெட்டி நாலு பேருக்குக் கொடுப்பான். எல்லா வகையும் வேணும்ங்கிறவன் ஆல்பத்துல ஸ்டாம்ப் ஒட்டுற மாதிரி, செத்ததுக்குப் பதில் இன்னொண்ணு, அதுவும் செத்தா இன்னொண்ணு. நானே ரெண்டு வருஷத்துல மூணு அக்ரோபோரா வாங்கினேன். நாலாவதுக்கு சொல்லியும் வெச்சிருந்தேன்.

"சுண்ணாம்புக்கு டன் கணக்குல வெட்டினப்ப எங்கடா போனீங்க, நாங்க ஒரு துண்டு வாங்கினதுதான் குத்தமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தூத்துக்குடிப் பக்கம் 2005 வரைக்கும் பவளப்பாறையை வெட்டிச் சூளைக்கு அனுப்பினாங்க. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லின்னு ரெண்டு தீவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. வெட்டு நின்னதும் வெயில் பிடிச்சுக்கிச்சு. 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்துது. அவ்வளவுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கிறதுலதான் இந்த ராமேஸ்வரம் சரக்கு வருது. அடிபட்டுக் கிடக்கிறவன் பாக்கெட்ல பத்து ரூபா எடுக்கிற கதை.

"வளர்க்கிறவன்தான் இனத்தைக் காப்பாத்துறான்" ரகத்துக்கும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துல, அந்தந்தக் கடல் பவளத்தோட துண்டுகளை அங்கேயே கடலடியில நட்டு வளர்க்கிறாங்க. காப்பாத்துறதுன்னா அது. இன்னொரு பக்கம் 2008-ல குருசடைத் தீவுல என்ன ஆச்சு? பாக் ஜலசந்தியில வளர்க்கக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ் பாசி அங்க போய்ப் பவளத்து மேல போர்வை மாதிரி மூடிக்கிச்சு. வெளியூர் உசிரு தப்பிச்சுக் கடலுக்குள்ள போனா அதான் கதி. நாம தொட்டித் தண்ணியை எங்க கொட்டுறோம்? சாக்கடையில. சாக்கடை எங்க போகுது? எங்க ஏரியாவுல பக்கிங்ஹாம் கால்வாய், அங்கேருந்து கடல்.

ஸோவாந்தஸ் வெச்சிருக்கிறவங்க இதையும் கேளுங்க, சண்டைக்காகச் சொல்லல. அந்தக் கூட்டத்துல சிலதுல, முக்கியமா பாலிதோவாவுல, பாலிடாக்ஸின் இருக்கும். கல்லை வெந்நீர்ல போடாதீங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. 2018-ல இங்கிலாந்து ஆக்ஸ்போர்டுஷயர்ல தொட்டி கழுவின வீட்டுல குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போச்சு, உதவிக்கு வந்தவங்களும் சேர்ந்து. எங்க வீட்டுல தொட்டி ஹால்ல இருந்தது, அதுக்கு எதிர்லதான் அம்மா பாய் போட்டுப் படுப்பாங்க.

மிக்ஸட் ரீஃப் முடியவே முடியாதுன்னு நான் சொல்லல. ஆயிரக்கணக்கான லிட்டர், எந்நேரமும் கரண்ட், சில்லர், ஜெனரேட்டர், ராத்திரி பார்த்துக்க ஆள்னு இருந்தா முடியும். அக்கினி வெயில்ல சில்லர் ஒரு மதியம் நின்னா தண்ணி 32 டிகிரி தாண்டுற ஊர்ல, மூணடித் தொட்டியில முடியாது.

இப்ப என் தொட்டியில பெரம்பூர் நண்பர் தன் தொட்டியில வெட்டிக் கொடுத்த சினுலேரியா மட்டும் இருக்கு, பிழைச்ச க்ளவுனும் இருக்கு. படத்துக்கு சுமாராத்தான் இருக்கும். பேட்டரியில ஓடுற காத்து பம்ப் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன். சினுலேரியா நல்லா பரவுது, துண்டு வேணும்னா டப்பா எடுத்துக்கிட்டு வாங்க, காசு வேணாம். ஆனா கல்பவளம் இருக்கிற தொட்டிக்குத் தர மாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை பழைய ஆள் போன் பண்ணினார். "பாஸ், புது சரக்கு வந்திருக்கு, உங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன்." பேப்பர் இருக்கா அண்ணேன்னு கேட்டேன். "எந்த பேப்பர்?"னார். சொன்னேன். லைன் கட் ஆயிடுச்சு.

டிஸ்கி: கடை பேர் கேட்டு யாரும் தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். படம் போட்ட நண்பரே, கோவிச்சுக்காதீங்க. யூஃபிலியாவை இன்னைக்கு ராத்திரிக்குள்ள கொஞ்சம் தள்ளி வைங்க.