யார் முதலில் போனை எடுத்தது?

"அக்கா, எனக்கு புரோகிராம் மேனேஜர் இன்டர்வியூ வந்திருக்கு!"

சுங்கை சிப்புட்டிலிருந்து அந்தத் தங்கை அழைத்தபோது, வானொலிக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து மகிழ்ந்துவிட்டேன். எங்கள் தொழிலில் புரோகிராம் என்றால் நிகழ்ச்சி. அவள் சொன்னதோ ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்து வேலை.

அங்கே புரோகிராம் மேனேஜர் என்பவர், மென்பொருள் எழுதுபவர், சோதிப்பவர், விற்பவர் எனப் பல குழுக்களின் வேலையும் குறித்த தேதியில் ஒன்றுசேரும்படி பார்த்துக்கொள்பவர். எது தாமதமாகும், அதனால் எது தடைபடும் என்று முன்பே கண்டு சொல்பவர். ஆனால், அந்தக் குழுக்களில் பெரும்பாலும் யாருக்கும் அவர் மேலதிகாரி இல்லை. அதட்டி வேலை வாங்க முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

நேர்காணலிலும் அதைத்தான் துருவுவார்கள். "உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?" "திட்டம் கெட்டுப்போன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்." பதிலை எப்படி அடுக்குவது என்று அமேசான் நிறுவனமே விண்ணப்பதாரர்களுக்குச் சொல்லித் தருகிறது: சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன.

ஈப்போவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். தைப்பூசத்துக்குப் புந்தோங்கில் போட்ட தண்ணீர்ப் பந்தலைப் பற்றிச் சொன்னாள். தோட்டம் விற்கப்பட்டு ஆளுக்கோர் ஊராகச் சிதறிப்போன பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் சேர்ந்து நடத்தும் பந்தல் அது. இந்த முறை, விடிந்தால் அன்னதானம். முதல் நாள் இரவில் சமையல்காரர் வர முடியாது என்றுவிட்டார்.

"அப்புறம்?"

"எல்லாரும் சேர்ந்து சமாளிச்சோம்க்கா."

"யார் முதல்ல போனை எடுத்தது?"

கொஞ்சம் தயங்கினாள். "நான்தான்."

அரிசியை மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது, கோபித்துக்கொண்டிருந்த மாமாவிடம் பேசி வேனை வாங்கியது, பெயர் பெயராக நேரம் குறித்து வாட்ஸ்அப்பில் போட்டது எல்லாமே அவள்தான். அவர்கள் கேட்கும் வேலையை அவள் ஏற்கெனவே செய்திருக்கிறாள். அதை வேலை என்றே எண்ணவில்லை.

இது அவள் ஒருத்தியின் கூச்சமல்ல. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்கலாம். அதற்கு மேல் பேசினால் 'வாய் நீளம்' என்று பெயர் வாங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள் நம் பாட்டிமார். அந்த அடக்கம் நமக்கும் வந்துவிட்டது. வீட்டில் அது அழகு. நேர்காணலில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்தவர் உழைப்பை நம்முடையது என்று சொல்லக் கூடாது. நம்முடையதை விட்டுவிடவும் கூடாது.

"தெரியாத கேள்வி வந்தா?" என்றாள். சுந்தர் பிச்சை கதையைச் சொன்னேன். 2004 ஏப்ரல் 1 அன்று அவர் கூகுளுக்கு நேர்காணலுக்குப் போனார். ஜிமெயில் அறிமுகமானதும் அதே நாள்தான். அதைப் பற்றிக் கேட்டபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தாராம். நான்காவதாக வந்தவர், "பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்க, "இல்லை" என்றார். அவர் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆளிடம் ஜிமெயிலைப் பற்றித் தன் கருத்தையே சொல்ல முடிந்தது. 2017-இல் கரக்பூர் ஐஐடி மாணவர்களிடம் அவரே சொன்னது இது. தெரியாததைத் தெரியாது என்றதால் அவருக்குக் கதவு அடைபடவில்லை.

போன வாரம் நேர்காணல் முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டாராம்:

"அன்னிக்கு மூணுல ஒரு பங்கு சோறு வடிச்சது நான்னு சொன்னியா இல்லையா?"