சார்ல்ஸ்டனில் பார்க்க வேண்டியவை: ஒரு மறுப்பு

தமிழில் அமெரிக்கப் பயணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளைப் பார்க்கச் சென்று ஆறு மாதம் தங்கித் திரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முதல், அங்கேயே வீடு வாங்கிக் குடியேறிவிட்ட மென்பொருள் வல்லுநர்கள் வரை பலரும் எழுதுகிறார்கள். நயாகராவும் நியூயார்க்கும் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டதாலோ என்னவோ, நம்மவர் சிலரின் பேனா தெற்கு நோக்கித் திரும்பியிருக்கிறது. தென் கரோலைனா மாநிலத்தின் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனைப் பற்றி மட்டும் நான் படித்த கட்டுரைகள் ஐந்தாறு இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வரிசை: குதிரை வண்டிச் சவாரி, 'ரெயின்போ ரோ' எனும் வண்ண வீடுகள், கடலோரப் பூங்கா, கூடை விற்கும் சந்தை, இறாலும் சோள நொய்க் கஞ்சியும், படகேறிச் சம்டர் கோட்டை, கடைசியில் ஓக் மரங்கள் கவிந்த பாதையின் முடிவில் வெள்ளைத் தூண்களுடன் நிற்கும் ஒரு 'தோட்ட மாளிகை'. சுற்றுலாத் துறையின் துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்கி, நடுநடுவே "அடடா" சேர்த்தது போலிருக்கும்.

இந்த வரிசையை மறுத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். மறுப்பதற்கு முன் ஒரு வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. நானும் அந்த வரிசையில் நடந்தவன்தான்.

2017ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஷார்லட் நகரில் வசிக்கும் தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, இரண்டு நாள் பயணமாகச் சார்ல்ஸ்டன் சென்றோம். மேற்சொன்ன ஏழையும் ஒன்று விடாமல் செய்தோம். ஓக் மரப் பாதையின் நடுவே நின்று நான் எடுத்துக்கொண்ட புகைப்படத்தை, ஊர் திரும்பியதும் பெரிதாக அச்சிட்டுத் துறை அறையில் மாட்டினேன். ஸ்பானியப் பாசி சடைசடையாகத் தொங்கும் மரங்கள், பச்சைப் புல்வெளி, தூரத்தில் மாளிகை. "அரிசி விளைத்தே கோடீசுவரர்களான குடும்பம்" என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. காவிரிப் படுகையிலிருந்து வந்து படித்த முதுகலை மாணவன் ஒருவன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஐயா, இந்த மரத்துக்கு அந்தப் பக்கம் வயல் இருந்திருக்குமே. அதுல எறங்குனது யாருங்கய்யா?"

என்னிடம் பதில் இருந்தது. அடிமை முறை பற்றி நானும் படித்தவனே. ஆனால் அந்தப் புல்வெளியில் நின்றபோது இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. அவனுக்கு எழுந்தது. அவனுடைய பாட்டி ஆயுள் முழுவதும் அடுத்தவர் வயலில் இறங்கியவர்.

முதல் பிழை சொல்லில் இருக்கிறது. 'பிளாண்டேஷன்' என்பதை நம் பயணக் கட்டுரையாளர்கள் 'தோட்டம்' என்று பெயர்க்கிறார்கள். தேயிலைத் தோட்டம் என்கிறபோது அதில் உழைப்பவரின் முதுகும் நம் நினைவில் வரும். 'தோட்ட மாளிகை' என்கிறபோதோ பூச்செடிகள் மட்டுமே வருகின்றன. அந்த இடத்துக்குத் தமிழில் பொருத்தமான சொல் 'பண்ணை'. பண்ணை என்றால் பண்ணையார் வருவார். அவர் பின்னாலேயே பண்ணையாளும் வந்தாக வேண்டும். தஞ்சைப் பண்ணையாளும் கரோலைனா அடிமையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கரோலைனாவில் மனிதர் சட்டப்படியே சொத்து. தாயை ஒருவனுக்கும் பிள்ளையை மற்றொருவனுக்கும் ஏலத்தில் விற்கலாம். வேறுபாடு பெரிது. ஆனால் சேறு தெரியாமல் அரிசியின் செல்வத்தை வியக்கக் கூடாது என்பதையாவது அந்தச் சொல் நமக்கு நினைவூட்டும்.

அந்தச் சேற்றைக் கொஞ்சம் பார்ப்போம். சார்ல்ஸ்டனைச் சுற்றியுள்ள ஆறுகளில் கடலேற்றத்தின்போது நன்னீர் மேலே தள்ளப்பட்டு உயரும். அந்த நீரை மதகு திறந்து வயலுக்குள் விட்டு, இறக்கத்தின்போது வடிப்பது அங்கே வளர்ந்த நெல் வேளாண்மையின் முறை. அதற்காகச் சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் கரை போட்டு, வாய்க்கால் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். முழங்கால் நீரிலும் கொசுவிலும் பாம்பிலும் நின்று களையெடுத்தவர்களும் அவர்கள். அறுவடைக்குப் பின் மர உரலில் உலக்கையால் குத்தி உமி நீக்கியவர்களும் அவர்களே. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வேளாண் அறிவு இதில் எவ்வளவு என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. பீட்டர் உட் 1974இலும் ஜூடித் கார்னி 2001இலும் எழுதிய நூல்கள் அந்த விவாதத்தில் முக்கியமானவை. உழைப்பு யாருடையது என்பதில் விவாதமே இல்லை.

சந்தையில் விற்கும் புல் கூடைகளை நம் கட்டுரைகள் 'அழகிய கைவினைப் பொருள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒருவகை வாசனைப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஓலை நாரால் தைத்துச் செய்வது அது. மேற்கு ஆப்பிரிக்கக் கைமரபின் தொடர்ச்சி. அதன் பழைய வடிவங்களில் ஒன்று தாழ்ந்த விளிம்புள்ள அகன்ற தட்டு. குத்திய அரிசியை அதிலிட்டு மேலே வீசிப் பிடித்து உமியைக் காற்றில் பறக்க விடுவார்கள். அதற்குத் தமிழில் 'முறம்' என்று பெயர். உரலும் உலக்கையும் முறமும் அறிந்த மொழியில் எழுதுகிறோம். அப்படியிருந்தும் அந்தக் கூடையின் முன் நின்று நம்மால் 'கைவினைப் பொருள்' என்றுதான் சொல்ல முடிகிறதென்றால், கோளாறு நம் மொழியில் இல்லை. கூடை பின்னிக்கொண்டிருந்த கறுப்பின மூதாட்டியிடம் எங்கள் குழுவிலிருந்தவர் பத்து டாலர் குறைக்கச் சொல்லி வாதாடினார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி நகருக்குள் வருவோம். 1670இல் தோன்றிய இந்நகரின் வழியாகவே, வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் கரையிறக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. 1808இல் அடிமை இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் கப்பல்கள் வந்து நின்ற இடம் காட்ஸ்டன் துறை. இறக்குமதி நின்றபின் உள்நாட்டு விற்பனை தொடர்ந்தது. தெருவில் ஏலம் விடுவதை நகர நிர்வாகம் 1856இல் தடைசெய்ததும், ஏலம் சுவர்களுக்குள் நகர்ந்தது. சாமர்ஸ் தெருவில் இன்றும் நிற்கும் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம் அப்படி எழுந்தது, இப்போது அருங்காட்சியகம். வண்ண வீடுகளிலிருந்து நடந்தே போகலாம். எங்கள் குழுவும் அதன் அருகே நடந்துதான் சென்றது, உணவகம் தேடி.

பழைய கட்டடங்களின் செங்கற்கள் சிலவற்றில் விரல் பதிந்த தடங்கள் இருக்கின்றன. சூளைக்குப் போகும் முன் ஈரக் கல்லைத் தூக்கிப் புரட்டிய அடிமைச் சிறுவர்களின் விரல்கள் அவை என்கிறார்கள். ரெயின்போ ரோவின் பதின்மூன்று வீடுகளின் சுவர் நிறங்களை நம் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வருணிக்கின்றன. அந்த வெளிர் வண்ணங்கள் 1931ஐ ஒட்டித்தான் பூசப்பட்டன. செங்கல்லுக்கு வயது அதைவிட அதிகம்.

சம்டர் கோட்டையைப் பற்றி எழுதும்போது, 1861 ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போரின் முதல் குண்டு இங்கே வெடித்தது என்ற தகவல் தவறாமல் இடம்பெறும். போர் எதன் பொருட்டு என்பது தவறாமல் விடுபடும். தென் கரோலைனா 1860 டிசம்பர் 20 அன்று இதே நகரில் கூடித்தான் ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. பிரிவுக்கான காரணங்களை அது வெளியிட்ட அறிக்கையே மறைக்கவில்லை: அடிமை முறைக்கு வந்த ஆபத்து. இன்னொரு செய்தியும் அந்தப் படகுப் பயணத்துக்கு உரியது. 1862 மே 13 விடியலுக்கு முன், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி 'பிளான்டர்' எனும் கூட்டமைப்புக் கப்பலைத் தன் குடும்பத்தாருடனும் தோழர்களுடனும் கடத்திக்கொண்டு, அந்தக் கோட்டையின் பீரங்கிகளையே கடந்து, வடவர் கப்பற்படையிடம் சேர்த்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இதைவிடச் சுவையான கதை எந்தப் பயணக் கட்டுரைக்கு வேண்டும்? நான் படித்தவற்றில் ஒன்றிலும் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது தனியே ஒன்று உண்டு. துறைமுக வாயிலில் உள்ள சல்லிவன் தீவில் எட்கர் ஆலன் போ 1827-28இல் சிப்பாயாகப் பணியாற்றினார். 'தங்க வண்டு' கதையின் களமும் அத்தீவுதான். அவர் பெயரில் அங்கே உணவகமே உண்டு. நம் கட்டுரைகளில் இலக்கியம் அந்த உணவகத்தோடு முடிகிறது. அதே தீவில்தான் கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்கள் பலர் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்டனர். அவர்களை நினைத்து உட்கார, சாலையோரத்தில் ஒரு சிறு பெஞ்சுகூட இல்லையே என்று டோனி மாரிசன் 1989இல் வருந்தினார். 'பிலவ்ட்' நாவலை எழுதியவரின் அந்த வருத்தத்தைக் கேட்ட வாசகர்கள், 2008இல் இத்தீவிலேயே முதல் பெஞ்சை நிறுவினார்கள். மாரிசனே வந்து அமர்ந்தார். கறுப்பு இரும்பில் செய்த சாதாரண பெஞ்சு. உட்கார்ந்தால் எதிரே நீர். ஒரு நாவலாசிரியரின் சொல்லை வாசகர்கள் இப்படி ஏற்றுச் செய்த இடத்தை, இலக்கியம் பேசும் நாமே தவறவிடலாமா?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். விடுமுறைக்குப் போன இடத்தில் துக்கம் எதற்கு என்பது ஒன்று. இறாலைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ருசித்தே சாப்பிட்டேன். ஆனால் வரலாற்று நகரம் என்ற பெருமைக்காகவே போகிறோம் என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, வரலாறு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நேர்மையாகாது.

அது அவர்கள் வரலாறு, நமக்கென்ன என்பது இரண்டாவது. அரிசிக்கு அடுத்தபடியாக இந்நிலத்துக்குச் செல்வம் தந்தது அவுரி. 1740களில் எலைசா லூகாஸ் என்ற இளம்பெண் தன் தந்தையின் பண்ணையில் அதை வெற்றிகரமாக விளைவித்தார் என்று வழிகாட்டிகள் வியந்து சொல்வார்கள். விளைவித்த கைகள் அங்கும் அடிமைகளுடையவை. அமெரிக்கா விடுதலை பெற்றதும் பிரிட்டன் தன் நீலச் சாயத்துக்கு வங்காளத்தை நாடியது. அங்கே அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவர்கள் 1859இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1860இல் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகம் வெளிவந்தது. அந்த நாடகத்தை மதிக்கும் இந்திய வாசகன், அவுரியின் முந்தைய ஊரைப் பார்த்து "நமக்கென்ன" என்று கேட்க முடியாது.

அருங்காட்சியகமும் பட்டியலில் சேர்ந்துவிட்டதே என்பது மூன்றாவது. உண்மைதான், நகரம் மாறிக்கொண்டிருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று இமானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பது கறுப்பின மக்களை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அடிமை முறை நன்மையே என்று 1837இல் செனட்டில் வாதிட்ட ஜான் கால்ஹூனின் பெயர் தாங்கிய தெருவில்தான் அந்தத் தேவாலயம் இருக்கிறது. அருகிலிருந்த அவருடைய சிலை 2020 ஜூன் 24 அன்று இறக்கப்பட்டது. 2017இல் அதன் நிழலில் நின்று நான் தண்ணீர் குடித்தேன், யாரென்று கேட்காமல். 2018இல் நகர மன்றம் அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது; அதுவும் ஏழுக்கு ஐந்து என்ற வாக்கில். காட்ஸ்டன் துறை இருந்த இடத்திலேயே 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் நான் அண்மையில் படித்த கட்டுரையில் அது ஒன்பதாவது இடத்தில் வருகிறது, "நேரமிருந்தால்" என்ற குறிப்புடன். ஐஸ்கிரீம் கடை அதற்கு முன்னால்.

2024இல் மறுபடி போனபோது அங்கிருந்தே தொடங்கினேன். தூண்கள் தாங்கிய கட்டடத்தின் கீழே, திறந்த வெளியில், தரையோடு தரையாக மனித உருவங்கள், கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டது போல நெருக்கி நெருக்கி. மெல்லிய நீர் வந்து அவற்றை மூடுகிறது, பின் வடிகிறது. அன்று மாலை வண்ண வீடுகளையும் பார்த்தேன்; அழகாகத்தான் இருந்தன. மறுநாள் ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியாட் பண்ணைக்குச் சென்றோம். 2015 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ள அங்கே, அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை முன்வைத்தே வழிகாட்டி பேசுகிறார். அங்கும் ஓக் மரங்கள் உண்டு.

பயணக் கட்டுரை எழுதும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வரிசையை மாற்றுங்கள். துறையில் தொடங்கி, சாமர்ஸ் தெரு வழியாக வண்ண வீடுகளுக்கு வாருங்கள். கூடையை வாங்கினால் கேட்ட விலையைக் கொடுங்கள். 'தோட்டம்' என்று எழுதுமிடத்தில் 'பண்ணை' என்று எழுதுங்கள்.

பழைய புகைப்படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த மாணவன் இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியர். மெக்லியாட் பண்ணையின் அடிமைக் குடிசை வரிசையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பி, "நீ கேட்டதற்கு ஏழு ஆண்டு தாமதமான பதில்" என்று எழுதினேன். "பெயர்கள் தெரியுமா ஐயா?" என்று பதில் வந்தது.