வெட்டி வேலைக்குக் காசு கட்டணுமா?

போன மாசம் எங்க வங்கிக்கு ஒரு அப்பா வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. கூடவே மகள், பொறியியல் மூன்றாமாண்டு. கையில் வழவழப்பான நோட்டீசு: வெளிநாட்டுக் கம்பெனியில் எட்டு வாரப் பயிற்சி. கட்டணம் இரண்டரை லட்சம். விமான டிக்கெட் தனி. சம்பளம்? கிடையாது. "சர்டிபிகேட் குடுப்பாங்க சார்" என்றது பிள்ளை.

கல்விக்கடன் பட்டம், பட்டயப் படிப்புக்குத்தான். ஏஜெண்டு விற்கிற பயிற்சிக்கு இல்லை. மற்ற கடனுக்குச் சம்பளச் சீட்டு கேட்போம், அடமானத்துக்கு நிலம் கேட்போம். நிலம் எங்கே? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை வைத்து 1892-ல் அரசு ஆணையிட்டதே பஞ்சமி நிலம், அது இன்று எவன் கையில்? மிச்சமிருப்பது அம்மாவின் காதுத் தோடு.

நம்ம பாட்டன் வெட்டி வேலை பார்த்தான். கூலி கேட்டால் உதை. இது அதுக்கும் மேலே. வெட்டியும் பார்க்கணும், பார்த்ததுக்குக் காசும் கட்டணும். 1961-ன் தொழில் பழகுநர் சட்டப்படி, ஐ.டி.ஐ. முடித்த பையன் ஆலையில் பழகுநராய்ச் சேர்ந்தால் அவனுக்கு உதவித்தொகை தரணும். கடல் தாண்டினால் மட்டும் நியாயம் தலைகீழாகுமா? 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா.வின் ஊதியமில்லாப் பயிற்சிக்குப் போன நியூசிலாந்து இளைஞர் கூடாரத்தில் படுத்தார். பணக்கார நாட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி.

நாளைக்கு நேர்முகத்தில் அந்தச் சர்டிபிகேட்தான் 'தகுதி'. காசு கொடுத்து வாங்கியவன் திறமைசாலி. வாங்க முடியாதவள் 'கோட்டா'. சாதி இப்படித்தான் புதுச்சட்டை போடுகிறது.

அண்ணல் 1913-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில். இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கு. அது முதுகலைக்கும் ஆய்வுக்கும்தான். அதிலும் 2025-ல் தேர்வான 106 பேரில் முதலில் கடிதம் கிடைத்தது 40 பேருக்கு. மற்றவர்களுக்கு, 'நிதி இருந்தால்' என்று பதில்.

நாம் கேட்பது பிச்சையல்ல. வேலை வாங்குகிறவன் கூலி கொடுக்கட்டும். காசு கட்டி வாங்கிய சர்டிபிகேட்டுக்குக் கல்லூரியும் கம்பெனியும் மதிப்புப் போடக் கூடாது. உண்மையான பயிற்சி கிடைத்த நம்ம பிள்ளைகளுக்குப் பயணச் செலவும் தங்கும் செலவும், கிளம்புவதற்கு முன்பே, அரசு தரணும்.

தோட்டை அடகு வைக்காதீங்க என்றேன் அந்த அப்பாவிடம். அவர் கேட்டார்: "அப்ப எங்க பொண்ணு எதுல சார் போவும்?"

வங்கிக் கவுண்டரில் அதுக்குப் பதில் இல்லை. கோட்டையும் டெல்லியும்தான் சொல்லணும். சொல்ல வைப்போம்.