முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய எஸ்யூவி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். காலையில் செல்ஃப் எடுக்காது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பேட்டரியை மாற்றுவார்கள். பத்து நாளில் அதே தொல்லை திரும்ப வரும். அடுத்து ஆல்டர்னேட்டர், அதற்கடுத்து செல்ஃப் மோட்டார். எல்லாம் மாற்றியும் சரியாகாதபோது வண்டியின் வயது குற்றவாளி ஆகிவிடுகிறது. எனக்கும் அறுபத்தாறு வயது ஆகிறது. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனால், வயதைச் சொல்லிவிட்டு இருதயத்தையா மாற்றுகிறார்?

என் தங்கை வீட்டு டீசல் எஸ்யூவிக்கு 13 வயது. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர். அப்படியும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், மீட்டரில் எல்லா விளக்கும் மங்கும், அவ்வளவுதான். கடைசியாகப் போன இடத்தில் வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள்.

ஐ.டி.ஐ. படித்து ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருக்கும் நம் பள்ளிப் பையன் ஒருவனை அழைத்தேன். அவன் ஸ்பானரை எடுக்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தான். பேட்டரி 12.6 வோல்ட், நல்ல நிலை. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, என்ஜின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே அளந்தான். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்துப் பாதி அறுந்திருந்தது. புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தான். அன்றிலிருந்து வண்டி ஒரே திருப்பில் எடுக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பில் டார்ச் செல், பல்பு, வயர் வைத்து நாம் செய்த மின்சுற்றுதான். போன மின்சாரம் திரும்பி வர வழி இல்லையென்றால் பல்பு எரியாது. காரில் திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பு, அதைத்தான் எர்த் என்கிறோம். செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். எர்த் இணைப்பில் துரு ஏறி 0.01 ஓம் தடை இருந்தாலே, 200 பெருக்கல் 0.01, 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ஆல்டர்னேட்டர் கொடுக்கும் சார்ஜும் அதே பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குச் சுற்றி வர வேண்டும். அதனால் புதுப் பேட்டரியும் சரியாகச் சார்ஜ் ஏறாமல் கெட்டது. ஒரே ஒரு பட்டை, மூன்று பாகங்களின் மேல் பழி.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தோமே என்பார்கள். ஸ்கேனர் தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், ஏன் காய்ச்சல் என்று சொல்லாது. வோல்டேஜ் குறைந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து பிழைக் குறியீடுகள் சேர்ந்து வரும். அத்தனையையும் நம்பிப் பாகம் மாற்றினால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறதா? அதற்கும் அளவு உண்டு. வண்டியைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்க அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால், பொதுவாக 0.05 ஆம்பியருக்குள்தான் மின்சாரம் போக வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, மூன்று நாளில் 36. உங்கள் பேட்டரியே 60 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது கசிவு நிற்கிறது என்று பார்த்தால் திருடன் பிடிபடுவான். பெரும்பாலும் பின்னாளில் மாட்டிய மியூசிக் சிஸ்டமோ, அலாரமோ, எலி கடித்த வயரோதான்.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போடுகிறார்கள். சிலர் செப்புக் கம்பியையே சுற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு ஃப்யூஸ் போகாது, வயர் உருகும். வண்டிக்குள் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யோசியுங்கள். ஹெட்லைட்டும் அப்படியே. 55 வாட் பல்பு இரண்டுக்கு சுமார் 9 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று தனி ரிலே போடாமல் 100 வாட் பல்பு மாட்டினால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் அந்தப் பழைய வயரில்தான் ஓட வேண்டும்.

இப்போது என் சொந்தங்களிடம் வருகிறேன். குற்றம் முழுவதும் மெக்கானிக் மேல் இல்லை. அந்தப் பையன் நாற்பது நிமிட வேலைக்கு முந்நூறு ரூபாய் கேட்டான். "ஒரு பட்டையை மாட்ட முந்நூறா?" என்று வீட்டில் ஒரு குரல். பேட்டரிக்கு ஏழாயிரம் கொடுத்தபோது அந்தக் குரல் எங்கே போனது? பொருளுக்குப் பணம் கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். யோசிக்கிறவனுக்குக் கூலி கிடைக்காது, பாகம் விற்கிறவனுக்கு லாபம் கிடைக்கும் என்றால் ஊரில் எந்தத் தொழில் வளரும்?

"பேசாமல் வித்துட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும், வயரிங் முழுவதும் கருகிப்போனாலும் வண்டிக்கு விடை கொடுக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க எப்படியும் தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். ஆனால் அந்த முடிவை அளந்து பார்த்துவிட்டு எடுங்கள். முந்நூறு ரூபாய்க் கோளாறுக்காக ஏழு வருடக் கடன் எதற்கு?

அடுத்த முறை வண்டியை விடும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். நிற்கும்போது எத்தனை வோல்ட்? ஓடும்போது எத்தனை வோல்ட்? (13.8-லிருந்து 14.5 வரை இருப்பது நல்லது.) ஸ்டார்ட் செய்யும்போது எர்த்தில் எவ்வளவு இழப்பு? பதில் இல்லையென்றால் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பதில் இருந்தால், அளந்ததற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களே, சோதனைக் கட்டணம் இவ்வளவு என்று தைரியமாகப் போர்டு எழுதி வையுங்கள். யாராவது சண்டை போட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.