"ஓரமாப் போ" என்கிறார்கள்... ஓரம் எங்கே?

காலை 6 மணி. சென்னையில் கட்டிட வேலையும் மெட்ரோ ரெயில் வேலையும் நடக்கிற எந்த ரோட்டிலாவது நின்று பாருங்கள்.

பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளில் வருகிறார். ராத்திரி பூரா காவல் காத்த செக்யூரிட்டி வீட்டுக்குத் திரும்புகிறார். தூக்குச் சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கொத்தனார் வேலைக்குப் போகிறார். அவர் பின்னாலேயே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி, ஆரன் அடித்தபடி உறுமிக்கொண்டு வருகிறது.

"யோவ், ஓரமாப் போய்யா!" என்று சத்தம்.

ஓரம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் தகர வேலி. இன்னொரு பக்கம் பள்ளம். நடைபாதை என்று இருந்த இடத்தில் எம்-சாண்ட் குவியல். அதையும் தாண்டினால் சாக்கடை. சைக்கிள்காரர் எங்கே போவார்? ஆகாயத்திலா பறப்பார்?

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்தக் கொத்தனார் எந்தக் கட்டிடத்துக்கு வேலைக்குப் போகிறாரோ, அதே கட்டிடத்துக்குத்தான் அந்த ஜல்லியும் போகிறது!

இடது பக்கம் எமன்

கட்டிட லாரி மற்ற வண்டிகளைப் போல அல்ல. மூன்று அச்சு லாரி ஒன்று சரக்கோடு சேர்த்து 28½ டன் வரை இருக்கலாம் என்று 2018-ல் மத்திய அரசு உயர்த்தி விட்டது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே சுமார் 2.4 டன். இந்தப் பாரத்தோடு வரும் வண்டி, பிரேக் போட்டதும் நின்று விடாது.

டிரைவர் வலது பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். இடது கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. பம்பருக்கு முன்னால் குறுக்கே போகும் பாட்டியின் தலையும் தெரியாது.

லாரி இடது பக்கம் திரும்பும்போதுதான் பெரிய ஆபத்து. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். "வண்டி நேராத்தானே போகுது" என்று பக்கத்தில் நிற்கிறவர், அந்தப் பின் சக்கரத்தில்தான் சிக்குகிறார்.

முன்பெல்லாம் இடது பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பார். "வா, வா... நிறுத்து, சைக்கிள் இருக்கு" என்று கதவைத் தட்டுவார். கூலி மிச்சம் என்று இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. ஒரு ஆளின் சம்பளம் மிச்சம். அதற்கு விலை யார் உயிர்?

டிரைவரை அடித்தால் போதுமா?

விபத்து நடந்ததும் கூட்டம் கூடுகிறது. கண்ணாடியை உடைக்கிறது. டிரைவரை அடிக்கிறது. மறுநாள் அதே ரோட்டில் வேறு லாரி, வேறு டிரைவர், அதே வேகம்.

டிரைவர்களிடம் பேசிப் பாருங்கள். பலருக்கு நடை கணக்கில்தான் காசு. ஒரு நடை கூடினால் கூடுதல் வரும்படி. கலவை லாரி என்றால் இன்னும் மோசம். கலவை போட்டு ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இறுகி விடும். டிராபிக்கில் அரை மணி நேரம் போய்விட்டால், அதை எங்கே பிடிப்பது? நம் தெருவில்தான் பிடிக்கிறார்கள்!

தப்பு செய்த டிரைவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அஜாக்கிரதையால் ஒருவர் உயிர் போனால் 5 ஆண்டு வரை ஜெயில் என்று 2024 ஜூலை 1-ந்தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டம் சொல்கிறது. சரி. ஆனால் "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று போன் போட்டுக்கொண்டே இருந்த சூப்பர்வைசருக்கு என்ன தண்டனை? அளவுக்கு மேல் ஏற்றி அனுப்பியவருக்கு என்ன தண்டனை?

சட்டம் தூங்குகிறது

சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. அதிக பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சைக்கிள்காரர் சக்கரத்துக்குள் போய்விடாமல் லாரியின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஓடுகிற டிப்பர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனையில் அந்தக் கம்பி ஒழுங்காக இருக்கிறது?

2014-ல் சென்னை மாநகராட்சி, நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான் ரோட்டில் முதலிடம் என்று கொள்கையே வகுத்தது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. ரோட்டில் எம்-சாண்ட் இருக்கிறது.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32 ஆயிரத்து 825 பேர். வண்டியே இல்லாதவர்கள் இவர்கள். வேகமாகப் போனார்கள் என்று இவர்கள் மேல் பழி போட முடியுமா?

லண்டனில் கடிவாளம்

லண்டனிலும் இதே கதைதான் நடந்தது. சைக்கிளில் போனவர்கள் கட்டிட லாரிகளில் சிக்கிச் செத்தார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். 2013-ல் கட்டிட கம்பெனிகளே சேர்ந்து ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தன. பாதுகாப்புக் கருவி இல்லாத லாரிக்கு சைட்டுக்குள் இடம் இல்லை என்றார்கள். 2015 செப்டம்பர் முதல் பக்கத் தடுப்பும் கூடுதல் கண்ணாடியும் கட்டாயம் ஆனது.

பிறகு, டிரைவரின் கண்ணுக்கு ரோடு எவ்வளவு தெரிகிறது என்று லாரிகளுக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி என்றால் பெர்மிட் வேண்டும். 2024 அக்டோபர் 28 முதல் 3 நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரிகள், காமிராவும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தினால்தான் ஊருக்குள் ஓடலாம்.

அவர்கள் டிரைவரோடு நிற்கவில்லை. லோடு வாங்குகிறவரின் கையையும் பிடித்தார்கள். அதுதான் சூட்சுமம்.

என்ன செய்யலாம்?

இங்கேயும் முடியும். பெரிய செலவு இல்லை.

* கட்டிட அனுமதி கொடுக்கும்போதே லாரி எந்த வழியாக வரும், எந்த நேரத்தில் வரும் என்று எழுதி வாங்க வேண்டும். மீறினால் வேலையை நிறுத்த வேண்டும்.

* பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் விடும் நேரமும் அந்தத் தெருக்களில் டிப்பர், கலவை லாரி, தண்ணீர் லாரி எதுவும் வரக்கூடாது.

* லாரி உள்ளே போகிற, வெளியே வருகிற வாசலில் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். லாரி பின்னால் வரும்போது அவர் சொன்னால்தான் சக்கரம் உருள வேண்டும்.

* தகர வேலி போட்டால், அதன் ஓரத்திலேயே ஆள் நடக்க வழி விட்டுத்தான் போட வேண்டும்.

* கிளீனரோ, இடது பக்கக் காமிராவோ இல்லாத லாரிக்கு அரசாங்க வேலையில் லோடு கொடுக்கக் கூடாது. அரசாங்கமே முதலில் செய்து காட்டட்டும். மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. சிக்னலில் நிற்கும் லாரியின் இடது பக்கச் சந்தில் சைக்கிளை நுழைக்காதீர்கள். டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகம் அவருக்கும் தெரியாது. அரை நிமிடம் பின்னால் நில்லுங்கள்.

அந்தப் பெண் வீடு திரும்ப வேண்டாமா?

பிளஸ்-1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். பஸ்சுக்குக் காசு இல்லாத வீட்டுப் பெண், அந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் அம்மா வாசலில் நின்று, "பாத்துப் போம்மா, லாரி வரும்" என்று சொல்லி அனுப்புகிறாள். சாயந்திரம் மணி அடிக்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் அந்தத் தாய்க்கு உயிர் உயிரிலே இல்லை.

சைக்கிளைக் கொடுத்த அரசாங்கம், அது ஓட நாலடி ரோட்டையும் கொடுக்க வேண்டாமா?

ஊருக்குக் கட்டிடம் வேண்டும். மெட்ரோ ரெயிலும் வேண்டும். ஆனால் அதில் ஏறிப் போக ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அய்யா!