முதியோரும் மனப்பாடமும்

"வயது ஏறினால் ஞாபகம் இறங்கத்தான் செய்யும், அதற்கு யார் என்ன செய்யலாம்?" என்று நம்மவர் சொல்லக் கேட்கிறோம். தகப்பனாரைத் திண்ணையில் உட்கார்த்தி, வேளைக்கு அன்னமிட்டு, அவருடைய புத்திக்கு மட்டும் ஒரு வேலையும் கொடாதிருப்பதே பித்ருபக்தியென்று நினைக்கிறோம். இது பெரும் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1855-ல் பிறந்தவர். 1940-ல் ஆனந்த விகடனில் தமது சரித்திரத்தை எழுதப் புகுந்தபொழுது அவருக்குப் பிராயம் ஏறக்குறைய 85. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டு ஏறக்குறைய 70 வருஷங்கள் சென்றிருந்தன. ஆயினும் எந்த ஊரில் எந்த நூல் நடந்தது, உடனிருந்து கேட்டவர் யாவர் என்பனவெல்லாம் நேற்று நிகழ்ந்தவை போல் அவர் எழுதினார். நிகண்டும் சதகமும் அந்தாதியும் இளமையிலேயே நெட்டுருவாகிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

ஒரு சாட்சியைக் கொண்டு வழக்கைத் தீர்ப்பது நியாயமன்று. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆகிய 2,832 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. ஞாபகப் பயிற்சி பெற்ற பகுதியாருக்கு ஞாபகம் விருத்தியடைந்தது மெய்யே. ஆனால் அன்றாடக் காரியங்களுக்கு அந்நன்மை பரவியதாக அப்போது காணப்படவில்லை. ஆதலின் நூறு வெண்பா பாடஞ்செய்தவருக்குத் தொலைந்த சாவி தானே அகப்படுமென்று நாம் சொல்லத் துணியோம்.

நமது செய்யுளுக்கோ ஒரு சிறப்புண்டு. வாயால் வழங்கிய காலத்தில் வளர்ந்தது அது. எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மோனை சீரை இழுத்து வருகிறது. அந்தாதியிலோ ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் முதலாய் நிற்கிறது. பொருளறிந்து நாளைக்கு ஒரு வெண்பாப் போதும். ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தலினும், ஏட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தலே மனத்தில் தங்கும். மறுநாளும், மூன்றாம் நாளும், வாரங்கழித்தும் சொல்லவேண்டும். தடுமாறித் தேடி எடுக்கும் அந்த நிமிஷமே பயிற்சி. (ஆங்கிலக் கல்வி பயின்ற செருக்கில் நெட்டுருவை நாமும் ஒரு காலத்தில் இகழ்ந்தவரே.)

இன்னொன்றையும் மறைத்தலாகாது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு அறிவு மங்கும் நோய் இருக்கலாமென்று 2023-ல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. பழகிய தெருவில் வழி தவறுபவருக்கும், பெற்ற மகளின் பெயர் மறந்தவருக்கும் வேண்டுவது வைத்தியர், செய்யுளன்று. "வயசாகிவிட்டது" என்று அதனைத் தள்ளிவிடுவது கொடுமை.

ஏனையோர் விஷயத்தில் நூலகங்கள் முன்வரலாகாதா? தேர்வுக்காகப் பேரன் உருப்போடும் குறளைத் தாத்தாவும் உடன் பயின்று, வாரம் ஒரு மாலை இருவரும் சபையில் ஒப்பித்தால், ஆகும் செலவு ஒரு விளக்கும் சில நாற்காலிகளுமே.